பொறாமையை மறைக்கத் தெரியாத எங்கள் அக்கா

சென்ற ஆண்டு இந்த நாட்களில் எங்கள் வாசலுக்கு வந்து, துக்கத்தில் எங்களோடு நின்ற உறவினர்கள், நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். அக்கா காலமாகி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு அவருடைய நல்ல குணங்களை எழுதித் தரும்படி அக்காவின் கணவர், எங்கள் மாமா, என்னிடம் கேட்டார். எழுத உட்கார்ந்ததும் முதலில் நினைவுக்கு வந்தது அவருடைய பொறாமைதான். தயங்கிக்கொண்டே மாமாவிடம் சொன்னேன். அவர் சற்று யோசித்து, "எழுதும்மா. உங்க அக்கா யாருகிட்டயும் அத மறைக்கலியே" என்றார்.

அக்கா பிறந்தது பெரிய காஞ்சிபுரத்தில், நெசவாளர் தெரு ஒன்றில். காலையில் தெரு நெடுகத் தறிக்குப் போகும் நீள இழைகளான பட்டுப் பாவை இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு உலர்த்துவார்கள். அதே தெருவில்தான் பையன்கள் பந்து உதைப்பார்கள். பந்து பாவில் விழுந்தால் இழைகள் அறுந்து வேலையெல்லாம் வீணாகிவிடும். அதனால் அப்பா அக்காவைப் பாவுக்கு முன்னால் நிறுத்தி, "ஒரு பந்து இந்தப் பக்கம் வரக்கூடாது" என்பார். அக்கா கோல்கீப்பர் ஆனது இப்படித்தான்.

பள்ளி அணி, மாவட்ட அணி, மாநில அணி என்று போய்க் கடைசியில் இந்திய அணியிலும் இடம் கிடைத்தது. பெண்கள் கால்பந்தை அன்று யாரும் பொருட்படுத்தவில்லை. ஆண்களின் பழைய சட்டையை இடுப்பில் மடித்துச் செருகிக்கொண்டு ஆடினார்கள். முன்பதிவில்லாப் பெட்டியில், கதவோரம் பைகளின் மேல் உட்கார்ந்து பயணம் போனார்கள். வெளிநாட்டில் ஓர் ஆட்டத்தில் பெனால்டியைத் தடுத்து அக்கா அணியை ஜெயிக்க வைத்தார். மறுநாள் செய்தித்தாளில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்பா பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மடித்து வைத்தார்.

பிறகு முழங்கால் போயிற்று. அக்கா ஊர் திரும்பி ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை ஆனார். மாமாவை மணந்தார், இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். எதற்கும் குறைபட்டுக்கொண்டதில்லை.

குறைபடத் தொடங்கியது, பெண்கள் அணி ஜெயிக்கத் தொடங்கிய பிறகுதான். இந்தப் பெண்கள் விமானத்தில் போனார்கள். அவரவர் பெயர் போட்ட சட்டை அணிந்தார்கள். கால் சுளுக்கினால் மைதானத்துக்குள் மருத்துவர் ஓடி வந்தார். ஆட்டம் செல்போனிலேயே தெரிந்தது. அக்கா ஒன்றையும் விடாமல் பார்த்தார். பலம் வாய்ந்த ஓர் அணியை அதன் நாட்டிலேயே வீழ்த்தி, பெரிய போட்டி ஒன்றுக்கு நம் பெண்கள் தகுதி பெற்ற மாலையில் நாங்கள் எல்லோரும் அக்கா வீட்டில் இருந்தோம். பிள்ளைகள் கைதட்டிக் குதித்தார்கள். அக்கா எழுந்து போய் அரிசி களைய ஆரம்பித்தார். நானும் பின்னாலேயே போனேன்.

"இன்னாக்கா, உனக்கு சந்தோஷமா இல்லியா?"

"சந்தோஷமாத்தான் இருக்குது. வயிறும் எரியுது. ரெண்டும் ஒண்ணா வந்தா நான் இன்னா பண்றது?"

அந்த அணியின் கோல்கீப்பர் மேகலா, நம் காஞ்சிபுரத்துச் செவிலிமேட்டுப் பெண். அது அக்காவை இன்னும் படுத்தியது. வேறு ஊர்க்காரியாக இருந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பார். மேகலா ஊருக்கு வந்தபோது பேருந்து நிலையத்திலிருந்து மேளம் வைத்து அழைத்துப் போனார்கள். சுவரெங்கும் போஸ்டர். பாராட்டு விழாவில் சால்வை போர்த்த அக்காவைக் கூப்பிட்டார்கள். மேடையேற முடியாது என்று சொல்லிவிட்டார். ஆனால் விழாவுக்கு வந்து, கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கையைத் தட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

விழா முடிந்ததும் மேகலாவே எங்களைத் தேடி வந்தார். "ஏன்கா மேடைக்கு வரல?" என்று கேட்டார். நான் ஏதோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். அக்கா விடவில்லை.

"எனக்கு உன் மேல பொறாமைமா. வயிறு எரிஞ்சுக்கினே சால்வ போத்தினா அது பொய்யி. அதான் வரல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எனக்கும் உங்க மேல பொறாமைதான்கா" என்றார் மேகலா. "நீங்க கோல் வுட்டா ஊருக்குத் தெரியாது. வூட்டுக்கு வந்து நிம்மதியா தூங்கியிருப்பீங்க. நான் ஒண்ணு வுட்டா, மூஞ்சி தெரியாதவன்லாம் போன்ல அசிங்கமா திட்றான். எங்கம்மா அத படிச்சிக்கினு அழுவுது."

அக்கா இதை எதிர்பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரு" என்றார். பந்தல்காரர்கள் வந்து அந்த நாற்காலிகளையும் கேட்கும்வரை இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதன்பிறகு ஆட்டம் முடிந்ததும் மேகலா அக்காவுக்கு போன் செய்வார். பொறாமை தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். போனை வைத்ததுமே, "பாரு, இவளுக்கு கிளவுஸ கம்பெனிக்காரனே சும்மா குடுக்கறானாம்" என்று புலம்ப ஆரம்பிப்பார். ஆனால் மேகலா கோட்டை விட்டு அணி தோற்ற சமயம், உடன் வேலை செய்த ஒருவர் அதைச் சொல்லிச் சிரித்ததற்காக அக்கா அவருடன் பேசுவதையே நிறுத்திவிட்டார். "வயிறு எரியறதுக்கு எனக்கு உரிமை இருக்குது. நான் நின்ன எடம் அது. இவருக்கு இன்னா இருக்குது?" என்று என்னிடம் கேட்டார்.

புற்றுநோய் என்று தெரிந்தபோது முற்றிவிட்டிருந்தது. மருத்துவமனைக் கட்டிலில் அக்கா கடைசியாகப் பார்த்த ஆட்டத்தில், கோல் மூலைக்குப் போன பந்தை மேகலா பாய்ந்து விரல் நுனியால் தட்டிவிட்டார். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "என்னவிட இவ நல்லா ஆடுறா" என்றார். சற்றுப் பொறுத்து, "அத அவகிட்ட சொல்லிடாத" என்றார். சில நாட்களில் எங்களை விட்டுப் போய்விட்டார்.

அக்காவின் வலியைக் குறைக்கப் பாடுபட்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், முறை போட்டு வந்து ரத்தம் கொடுத்த அவருடைய மாணவிகளுக்கும், காரியம் முடியும்வரை எங்களுக்கு அடுப்பு மூட்ட வேலை வைக்காத தெருவினருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

மேகலாவுக்கும் நன்றி. பயிற்சி முகாமிலிருந்து நேராகப் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர், "அக்கா கடைசியா என்னப் பத்தி எதாச்சும் சொன்னாங்களா?" என்று என்னைக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அக்காவின் பேச்சை ஓராண்டு காப்பாற்றிவிட்டேன். இந்த மலரில் ஒரு பிரதியை நானே செவிலிமேட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன்.