ரேடியேட்டரில் உப்பு

போன மாதம் ஒருநாள் என் காரின் ரேடியேட்டரை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

முழு ரேடியேட்டரையும் இல்லை, பயப்படாதீர்கள். அதன் அடியில் வெள்ளையாகப் பூத்திருந்ததை விரலால் சுரண்டி, நுனி நாக்கில் வைத்தேன். அதை என் மனைவி கோமதி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள்.

"பசிச்சா உள்ளே வந்து கேக்கப்படாதா?" என்றாள்.

உப்பு! சாம்பாரில் போடுகிற அதே உப்பு. என் காருக்குள் எப்படி வந்தது?

அந்தக் கார் எனக்கு மட்டும் சொந்தமில்லை. நானும் என் சகலையும் — கோமதியின் அக்காள் புருஷர் — கூட்டாக வாங்கியது. உலகச் சண்டைக்கு முன்பே சீமையிலிருந்து கப்பலேறி வந்த வண்டி. ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் விற்றுவிட்டுப் போனது. சகலைக்கு இங்கே சொர்ணலிங்கம் என்று பெயர் வைக்கிறேன். நிஜப் பெயரைப் போட்டால் வம்பு. அவருக்குத் திருவொற்றியூர், அப்பாவோடு சேர்ந்து வெல்லம், மிளகாய் மொத்த வியாபாரம். நான் ராயபுரத்தில் ஒரு கப்பல் ஏஜென்டு ஆபீசில் குமாஸ்தா. வாரத்தின் முன்பாதி வண்டி என்னிடம், பின்பாதி அவரிடம்.

கூட்டாகக் கார் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். அது பெட்ரோலில் ஓடுவதில்லை… சந்தேகத்தில் ஓடுகிறது!

சில மாதங்களாக ஒரு தொல்லை. சகலையிடமிருந்து திரும்பி வரும்போதெல்லாம் வண்டி ஒழுகிக்கொண்டே வரும். ராத்திரி ஊற்றி வைத்த தண்ணீர் காலையில் தரையில் கிடக்கும். டோல்கேட் பக்கத்தில் ஷெட் போட்டிருக்கும் மெக்கானிக் ஏகாம்பரத்திடம் கொண்டுபோவேன். அவர் ஓட்டையை ஈயம் வைத்து அடைத்துத் தருவார். அடுத்த முறை அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று.

"இன்னா சார், மறுபடியும் ஒழுவுதா?"

"நீங்க அடைச்ச இடம் நல்லாத்தான் இருக்கு. பக்கத்து இடம் ஒழுகுது."

"பயிய வண்டி சார். ஒண்ண அட்ச்சா ஒண்ணு வாயத் தொறக்குது. நா இன்னா பண்றது?"

என்ன பண்ணுவது? அதுதான் எனக்குச் சந்தேகம். இந்த வாரத்து ஓட்டையை அடைக்கிற கை, அடுத்த வாரத்து ஓட்டையை லேசாகத் தொடங்கி வைக்கிறதோ? ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, அவர் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவருக்கா புரியாது?

"இன்னா நைனா… நா இன்னா பாக்கெட் அடிக்கிறவனா? கையவே பாத்துகினு கீற!"

ஒன்றும் அகப்படவில்லை. ஆகவே சந்தேகத்தை ஏகாம்பரத்திடமிருந்து எடுத்துச் சகலை மேல் வைத்தேன். அதற்குக் காரணமும் இருந்தது. ரேடியேட்டரிலிருந்து இஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயை இறுக்கிப் பிடிக்க ஒரு கிளிப் உண்டு. புத்தம் புதுசாக வாங்கிப் போட்டிருந்தேன். சகலையிடம் போய்த் திரும்பியபோது அது துருப்பிடித்துச் சொறிநாய் மாதிரி இருந்தது. இத்தனை சீக்கிரத்தில் இரும்பு கிழடாகுமா? புதுசைக் கழற்றிக்கொண்டு பழசை மாட்டியிருக்கிறார்! வேறென்ன?

இன்னொரு கிளிப் வாங்கினேன். மாட்டுவதற்கு முன் உட்புறத்தில் அரத்தால் ஒரு கீறல் போட்டுவைத்தேன். எப்படி என் மூளை!

திரும்பி வந்தது. துரு… ஆனால் துருவுக்கு அடியில் என் கீறல். அதே கிளிப்தான். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். ரேடியேட்டரின் அடியெல்லாம் வெள்ளைப் பூப்பு. அந்தக் காட்சியைத்தான் கோமதி பார்த்தது.

ஏகாம்பரத்திடம் சொன்னேன். அவரும் தொட்டுப் பார்த்தார்.

"உப்புக் கால்வாத் தண்ணி சார் இது. எண்ணூர் உப்பளத்தாண்ட லாரிக்காரனுங்கோ அவசரத்துக்கு ஊத்திகினு வந்து, அப்பால என்னாண்ட வந்து அய்வானுங்கோ. உள்ள இருக்கற செம்பு, இரும்பு எல்லாத்தையும் துன்னுடும். உன் வண்டி அங்க இன்னாத்துக்குப் போவுது?"

அதானே? சகலையிடமே நைசாகக் கேட்டேன்.

"வண்டியைக் கடற்கரைப் பக்கம் எங்கயாவது ஓட்டுதியளா அண்ணாச்சி?"

"கொத்தவால் சாவடிக்குப் போறதும் வாறதும்தான் தம்பி. வேற எங்க?" என்றார். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு வெயிலே இல்லை.

கொத்தவால் சாவடி தெற்கே. எண்ணூர் வடக்கே. மனிதர் பொய் சொல்கிறார்! போதாததற்குப் பின் சீட்டில் ஒரு தலையணை. சீட்டுக்கு அடியில் காய்ந்த எலுமிச்சம்பழம். வெல்ல வியாபாரிக்கு எதற்குத் தலையணை? வியாழக்கிழமைகளில் அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதில்லை என்று அவர் மனைவி எப்போதோ குறைப்பட்டுக்கொண்டதும் ஞாபகத்துக்கு வந்தது.

நீங்கள் என்ன நினைக்கிறீர்களோ, அதையேதான் நானும் நினைத்தேன். கோமதியின் அக்காள் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. வெள்ளை மனசுக்காரி. கோமதியிடம் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை ஆபீசுக்கு வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பிவிட்டு, எண்ணூருக்கு ரயிலேறினேன்.

ஸ்டேஷனில் இறங்கி உப்பளப் பாதையில் நடந்தேன். இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாய் வெள்ளை, கண் கூசியது. மணலில் செருப்பு புதைந்தது. கடைசியில், தொழிலாளர் குடியிருப்புக்கு முன்னால் — எங்கள் கார். பானெட் திறந்து கிடக்கிறது. ஆவி பறக்கிறது. சகலை வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு மண்ணெண்ணெய் டின்னில் கால்வாய்த் தண்ணீரை மொண்டுகொண்டிருக்கிறார்.

பின் சீட்டில், அந்தத் தலையணையில் சாய்ந்து, ஒரு பெண். நிறைமாதம்.

என்ன திட்டுவது என்று வார்த்தை தேடிக்கொண்டே கிட்டே போனேன். அந்தப் பெண் முகத்தைத் திருப்பினாள்.

பொன்னு. சகலையின் கூடப்பிறந்த தங்கை.

பொன்னுவை எனக்குக் கல்யாண வீடுகளில் தெரியும். கலகலவென்று பேசுகிற பெண். மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் ஊர்ப்பக்கத்து வேதக்காரப் பையன் ஒருவனைப் பிடித்துப்போய், வீட்டை விட்டு வந்து, அவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் இந்த உப்பளத்தில் சூபர்வைசர். பெயர் சாமுவேல் என்று இருக்கட்டும். அவள் அப்பா தலை முழுகிவிட்டார். அவள் பேரை எடுத்தாலே கடையில் தராசை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். அதன்பிறகு அவளைப் பற்றிக் குடும்பத்தில் யாரும் பேசியதில்லை.

சகலை என்னைப் பார்த்ததும் டின்னைக் கீழே வைத்தார்.

"வேவு பாக்க வந்தியளோ?"

"ரேடியேட்டர்ல உப்பு இருந்தது அண்ணாச்சி" என்றேன். வேறென்ன சொல்வது?

அவருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. பிறகு சொன்னார். பொன்னுவுக்கு முதல் குழந்தை தங்கவில்லை. இந்தத் தடவை கால் வீங்குகிறது, தலை கிறுகிறுக்கிறது. வாராவாரம் வந்து காட்டியே ஆகவேண்டும் என்று ராயபுரம் பிரசவ ஆஸ்பத்திரி டாக்டரம்மா கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டார். இந்த மணலில் ஸ்டேஷன் வரைக்கும் அவளால் நடக்க முடியாது. சாமுவேலுக்கு லீவு கிடையாது.

"உங்க ஆபீஸ் தெருவுக்குள்ள வரும்போதெல்லாம் தலையக் குனிஞ்சுக்கிட்டேதான் ஓட்டுவேன்" என்றார்.

"எதுக்கு? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…"

"நீங்க பத்திரிகையில எழுதுத ஆளு தம்பி. நேத்து உங்க வீட்டுல தோசை தீஞ்சா இன்னைக்கு ஊரே படிக்குது. உங்ககிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

வாசகர்களே, நான் இவரைச் சந்தேகித்த அத்தனை நாளும் இவர் என்னைச் சந்தேகித்திருக்கிறார்!

"அது சரி, எதுக்கு உப்புத் தண்ணி? இங்க நல்ல தண்ணியே கிடையாதா?"

"நல்ல தண்ணி மாட்டு வண்டியில வருது. ஒரு வீட்டுக்கு ரெண்டு குடம். அவங்க குடிக்கிற தண்ணிய வாங்கி வண்டிக்கு ஊத்த எனக்கு மனசு வரல."

பின்னாலிருந்து பொன்னு மெதுவாகக் கூப்பிட்டாள். "அண்ணே… கண்ணு மங்கலாத் தெரியுது."

உடனே புறப்பட்டோம். சகலை ஓட்டினார். கத்திவாக்கம் தாண்டியிருக்க மாட்டோம். முன்னால் 'டப்' என்று ஒரு சத்தம். கண்ணாடி முழுக்க வெந்நீர். துருப்பிடித்த கிளிப் அறுத்து நைந்துபோன ரப்பர் குழாய் பிளந்துவிட்டது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மணல். வேறு வண்டி ஒன்றும் கண்ணில் படவில்லை. பொன்னு தலையைப் பிடித்துக்கொண்டு முனகினாள்.

என் வேட்டி ஓரத்தைக் கிழித்தேன். சூடு ஆறக் காத்திருக்க நேரமில்லை. சகலை சுடச்சுடக் குழாயைப் பிடிக்க, நான் துணியைச் சுற்றினேன். வலைக்கயிறு ஒரு துண்டு மணலில் கிடந்தது, அதை எடுத்து இறுக்கிக் கட்டினேன். விரல் தோல் உரிந்துவிட்டது. சரி, கட்டியாயிற்று. தண்ணீர்? கடல் இருக்கிறது, இனி அதை ஊற்றுவதா?

குப்பத்திலிருந்து ஒரு அம்மாள் இடுப்பில் குடத்தோடு வந்தாள். மீன் விற்கிறவள் போலிருந்தது.

"இன்னா நைனா, வண்டி பொகையுது?" என்று கேட்டவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். மறு நிமிஷம் குடத்தை இறக்கிவிட்டாள். "புள்ளத்தாச்சியா கீது! இந்தா, நல்ல தண்ணி, ஊத்து."

"குடிக்கிற தண்ணி தாயி…" என்று சகலை தயங்கினார். இந்த நிலையிலும்!

"தண்ணி நாளிக்கும் கெடிக்கும். புள்ள நிக்குமா? ஊத்துய்யா!"

ஊற்றினோம். பொன்னுவின் முகத்தையும் அந்த அம்மாளே துடைத்துவிட்டாள். பேர் கேட்கக்கூடத் தோன்றவில்லை. துணிக்கட்டு வழியெல்லாம் சொட்டியது, ஆனால் தாங்கியது. ராயபுரம் வரைக்கும் சகலை வண்டியை எங்கேயும் நிறுத்தவில்லை.

டாக்டரம்மா பொன்னுவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா என்னைக் கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மறுநாள் சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள். உப்பளத்திலிருந்து ஓடிவந்த சாமுவேல், குழந்தையைத் தொடக்கூடப் பயந்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றான்.

இத்தோடு முடிந்தது என்கிறீர்களா? என் வீடு ஒன்று இருக்கிறதே!

கிழிந்த வேட்டி, செருப்பில் மணல், கொப்பளித்த விரல். "ஆபீசுல என்ன, கபடி ஆட விட்டாகளா?" என்றாள் கோமதி. யாரிடமும் சொல்வதில்லை என்று சகலையிடம் சத்தியம் செய்திருந்தேன். வாயை மூடிக்கொண்டேன். அவளும் மூடிக்கொண்டாள். அதுதான் பயம். சாப்பாடு இலைக்கு வரும், பேச்சு வராது.

ஆபீசுக்குப் பக்கத்து ஓட்டலில் பிளாஸ்கில் பால் வாங்கிக்கொண்டு தினம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். ஒருநாள் வார்டில் நுழைந்து, சகலையிடம் பிளாஸ்கை நீட்டியபோது, பின்னால் கோமதி நிற்கிறாள்! எத்தனை நாளாக என்னைப் பின்தொடர்ந்தாளோ தெரியாது. புருஷன் பிளாஸ்கோடு பிரசவ ஆஸ்பத்திரிக்குள் போவதைப் பார்த்த மனைவி என்ன நினைத்திருப்பாள்?

கட்டிலைப் பார்த்தாள். பொன்னுவை அடையாளம் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. பொன்னு எழுந்திருக்கப் பார்த்தாள்.

"படுத்துக்கோ" என்றாள் கோமதி. குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அப்புறம்தான் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "பாலை ஓட்டல்ல வாங்குதியளாக்கும்! பிள்ளை பெத்தவளுக்கு அதைக் குடுக்கலாமா?" என்றாள். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுச் சாப்பாடு போயிற்று. அக்காளுக்கும் சொன்னாள்; அவளும் மாமனாருக்குத் தெரியாமல் முந்தானைக்குள் மருந்துப்பொடி ஒளித்துக்கொண்டு வந்தாள்.

வண்டியை ஏகாம்பரம் பிரித்துப் போட்டு, அரித்துப்போனதையெல்லாம் எடுத்தெறிந்துவிட்டு, ரேடியேட்டருக்கு உள்ளே இருக்கும் குழாய்களைப் புதுசாக மாற்றிவிட்டதாகச் சொன்னார். புதுசுதானா? கறுப்புப் பெயிண்டு கொஞ்சம் அதிகமாகவே அடித்திருக்கிறார். ஒழுகவில்லை, அதனால் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் எண்ணூருக்குப் போயிருந்தோம். பொன்னுதான் பேச்சை எடுத்தாள்.

"ராயபுரத்து அண்ணாச்சி, இதை நீங்க எழுதணும்."

சகலை பதறினார். "என்ன பிள்ள சொல்லுத? அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னையும் சேத்துத் தலை முழுகிருவாக!"

"எத்தனை நாளைக்கு அண்ணே ஒளிஞ்சு ஒளிஞ்சு வருவ? நாம யாரு போய்ச் சொன்னாலும் அப்பா எந்திரிச்சுப் போயிருவாக. இவுக எழுதுனா கடைசி வரைக்கும் படிப்பாக. பத்திரிகை வந்ததும் முதல்ல இவுக பக்கத்தைத்தானே அப்பா பிரிப்பாக?"

சகலை குனிந்து குழந்தையின் போர்வையைச் சரிசெய்தார். பிறகு, "எழுதுங்க தம்பி" என்றார்.

பெயர்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஆனாலும் வெல்லம், மிளகாய் என்று வந்த இடத்திலேயே பெரியவருக்குச் சந்தேகம் தட்டியிருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மறுபடி படித்திருப்பார். எழுந்து போகாமல் இதுவரைக்கும் வந்துவிட்டாரென்றால் ஒன்றே ஒன்று சொல்லிக்கொள்கிறேன்.

குழந்தைக்கு இன்னும் பேர் வைக்கவில்லை, மாமா.