மாலேயிலிருந்து கொழும்புக்கு

மாலேயிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் எவ்வளவு நேரம்? தொண்ணூறுகளின் நடுவில், கிணத்துக்கடவில் எங்கள் வீட்டில் இதற்கு ஒரு சண்டையே நடந்தது. வீட்டில் இருந்தது நானும் அம்மாவும்தான். அண்ணன் மாலேயில் கணக்கு எழுதினான். அக்காவின் கணவருக்குக் கொழும்பில் மில் வேலை. இரண்டும் தீவு. இடையில் கடலைவிட வீம்புதான் அதிகம்.

அக்கா கல்யாணத்துக்கு லீவு இல்லையென்று அண்ணன் வரவில்லை. இப்போது அவனுக்குக் கல்யாணம். எங்கள் பக்கம் மாப்பிள்ளையோடு உடன்பிறந்தவள் சேர்ந்து நின்றால்தான் இணைச்சீர்ச் சடங்கு நடக்கும். "அண்ணன் நேர்ல வந்து வெத்தல பாக்கு வெச்சுக் கூப்பிடட்டும், வாரேன். ஒரு மணி நேரந்தானுங்களே" என்றாள் அக்கா போனில். அண்ணனோ, "ரெண்டு மணி நேரமாகுது, ஆரு அலையறது?" என்றான்.

இருவரும் பொய் சொல்லவில்லை. மாலே கடிகாரம் கொழும்புக்கு அரை மணி பின்னால் ஓடும். அதனால் கொழும்பிலிருந்து போகிற டிக்கெட்டில் ஒரு மணி நேரமாகத் தெரியும், வருகிற டிக்கெட்டில் இரண்டாக. நிஜத்தில் ஒன்றரை. அம்மாவிடம் விளக்கினேன்.

"உக்கடத்துல பஸ் ஏறுனாப் பொள்ளாச்சி போற நேரம். இதுக்கா இத்தன அழிச்சாட்டியம்?" என்றாள்.

அம்மா கெஞ்சியதால் அண்ணன் கொழும்பு வழியாகத் திருச்சிக்கு டிக்கெட் போட்டான். கொழும்பு ஏர்போர்ட்டுக்கு வெளியே போய் அக்காவைப் பார்ப்பதாக மட்டும் வாக்குக் கொடுக்கவில்லை. அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அக்காவுக்குப் போன் செய்து, "உங்கண்ணன் வருவான் அம்மணி" என்று நாளும் நேரமும் சொல்லிவிட்டாள்.

அண்ணன் வீட்டுக்குள் வந்ததும் முதல் கேள்வி, "தங்கச்சியப் பாத்தியா கண்ணு?"

"நேரமில்லீங்கம்மா."

வராத அக்காவுக்குப் பதிலாகப் பெரியப்பா மகள் இணைச்சீருக்கு நின்றாள். அக்காவுக்கென்று எடுத்த புடவையை அம்மா பெட்டியில் வைத்துப் பூட்டினாள். கல்யாணத்தில் அம்மா சிரித்த முகமாகத்தான் இருந்தாள், எனக்குத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை.

அடுத்த சித்திரையில் அக்கா வந்தாள். அம்மா புடவையை எடுத்து அவள் மடியில் வைத்ததும் அக்கா உடைந்து அழுதாள். "அன்னைக்கு ஏர்போர்ட்டுக்குப் போயிருந்தேன்டா தம்பி. மாலே பிளேன்ல வந்தவங்க எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. அதுக்கப்புறமும் கம்பியப் புடிச்சுட்டு நின்னேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் டெலிபோன் பூத்துக்கு ஓடி மாலேக்குப் போன் போட்டேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"அவ வந்திருந்தாளா?" என்றான் அண்ணன் கடைசியில். "திருச்சி பிளேனுக்கு மூணு மணி நேரம் இருந்துச்சு. வெளிய போலாமா வேண்டாமான்னு உள்ளேயே உக்காந்திருந்தேன்டா. போனா மூஞ்சத் திருப்பிக்குவாளோன்னு..."

கடலைத் தாண்டி வந்தவனுக்கு ஒரு கதவைத் தாண்ட முடியவில்லை. இனி எத்தனை முறை பறந்தாலும் இணைச்சீர் திரும்ப நடக்காது.

"அந்தப் பொடவையக் கட்டிக்கிட்டாளாடா?" என்று அண்ணன் கேட்டான்.

"இல்லீங்ண்ணா. திரும்பப் பொட்டியிலயே வெச்சுட்டா."