சியாங் மாயில் முறித்த நெட்டி

எண்பதுகளின் நடுவில் நான் பெரம்பலூரில் வேளாண்மை அதிகாரியாக இருந்தேன். சின்ன வெங்காயத்தை அழுகாமல் சேமிப்பது பற்றிய பயிற்சிக்குத் தாய்லாந்து போகும்படி உத்தரவு வந்தது. வடக்கே மலைகளுக்கு நடுவில் இருக்கும் சியாங் மாய் என்ற நகரத்தில், மார்கழியும் தையும் தங்க வேண்டும். ஆபீஸில் எல்லாரும் கை கொடுத்தார்கள். எனக்குத்தான் போக மனமில்லை. என் மகளுக்கு அப்போது இரண்டு வயது நிரம்பவில்லை. திரும்பி வரும்போது அவளுக்கு என்னை அடையாளம் தெரியுமா என்பது ஒன்றுதான் என் கவலை. வெங்காயம் எக்கேடு கெட்டால் எனக்கென்ன?

தயங்கிய என்னைப் பெட்டி கட்ட வைத்தது என் மாமியார். "புள்ளைய நான் பாத்துக்குறேன். நீ மொதல்ல குளிருக்கு வழியப் பாரு," என்றார். வெளிநாடு என்றாலே பனிக்கட்டி கொட்டும் என்பது அவர் தீர்மானம். அரியலூரில் வேலை பார்த்த என் கணவர், அங்கே கடைத்தெரு முழுக்க அலைந்து ஒரு குரங்குக் குல்லா வாங்கி வந்தார். கொளுத்தும் வெயிலில் வெங்காயம் சேமிக்கும் பட்டறைகளைச் சுற்றி வருகிறவள் தலையில் அதை மாட்டிப் பார்த்து வீடே சிரித்தது. மகள் மட்டும் பயந்துபோய் அழுதாள். ஆரம்பமே சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சியாங் மாயில் பனிக்கட்டி எதுவும் கொட்டவில்லை. நம் ஊர் மார்கழிப் பனிதான், பொழிவதில் மட்டும் கை கொஞ்சம் தாராளம். காலையில் பழைய நகரத்தைச் சுற்றிய அகழியின் மேல் புகையாய் நிற்கும். வெயில் ஏறியதும் விலகி, மலை பளிச்சென்று தெரியும். அந்த ஊர்க்காரர்களுக்கு அந்தக் குளிரே பெரிய திருவிழா. ஸ்வெட்டரும் சால்வையுமாகத் தெருவோரக் கரியடுப்பைச் சுற்றி நின்று, உருட்டித் தட்டிய சோற்றைச் சுட்டுத் தின்பார்கள். நான் குல்லாவோடு போய் நின்றால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சந்தையில் சின்ன வெங்காயத்தைத் தாளோடு சேர்த்துச் சடை சடையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சின்ன வெங்காயம் தின்கிறவர்கள் கெட்டவர்களாக இருக்க முடியாது என்பது பெரம்பலூர்க்காரர்களின் நம்பிக்கை. முதல் நாளே அந்த ஊர் எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

பகலெல்லாம் சந்தோஷமாகத்தான் இருப்பேன். வழியில் ஏதாவது ஒரு சின்னக் குழந்தையைப் பார்த்துவிட்டால் போதும், அன்றைய சந்தோஷம் அவ்வளவுதான்.

எங்களுக்குப் பாடம் நடத்திய அம்மாவுக்கு என் வயதுதான். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஒன்றையொன்று கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னை வீட்டுக்கு அழைத்திருந்தார். வாசலில் சுள்ளி போட்டுத் தீமூட்டி, அவரும் கணவரும் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் அவர்களுடைய மகள், என் மகள் வயதுதான் இருக்கும். தடித்த சிவப்பு ஸ்வெட்டரில் கைகள் இரண்டும் மடங்காமல் நீட்டிக்கொண்டு, கன்னமெல்லாம் சிவந்து நின்றாள்.

எனக்கு மனசு தாங்கவில்லை. இரண்டு கைகளாலும் அவள் தலையிலிருந்து கன்னம் வரை வழித்து, விரல்களை என் நெற்றிப்பொட்டில் மடக்கிப் படபடவென்று நெட்டி முறித்தேன். அவ்வளவு சத்தமாக என் விரல்கள் அதுவரை முறிந்ததே இல்லை.

கணவர் முகத்திலிருந்த சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அம்மா மெல்லக் குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அவரே தயங்கித் தயங்கிச் சொன்னார்: அவர்கள் ஊரில் உயிர் குடியிருக்கும் இடம் தலை, அதை அயலார் தொடக்கூடாதாம். அதோடு அந்த முறிக்கும் சத்தம் என்ன மந்திரம் என்றும் கேட்டார்.

வெட்கத்தில் எனக்கு உடம்பே கூசியது. மந்திரம் இல்லை, குழந்தை அழகாக இருக்கிறாள், என் கண்ணே பட்டுவிடக் கூடாது என்று கழித்தேன் என்று கையைக் காலை ஆட்டி விளக்கினேன். அவர் அதைக் கணவரிடம் சொல்ல, மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர்கள் ஊரில் குழந்தையை அழகென்றே சொல்ல மாட்டார்களாம். பேய் காதில் விழுந்தால் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று, அசிங்கமாக இருக்கிறது என்பார்களாம். எங்கள் பக்கம் கன்னத்தில் மை வைப்பதையும், பிள்ளை தங்காத வீடுகளில் குப்பை என்று பெயர் வைப்பதையும் நான் சொன்னேன். அதற்குப் பிறகு மூன்று பேருமாக மதியம் வரை அந்தக் குழந்தையை வாய்க்கு வந்தபடி திட்டிக் கொஞ்சினோம்.

சாப்பிடும்போது அந்த அம்மா என் மகளைப் பற்றிக் கேட்டார். என் பயத்தைச் சொல்லிவிட்டேன். அவரும் படிப்புக்காகக் கைக்குழந்தையை விட்டுப் பிரிந்திருந்தவராம். திரும்பி வந்து ஆசையாகத் தூக்கியபோது பிள்ளை வீறிட்டதாம். நீயாகப் போய்த் தூக்காதே, அவளாக வரட்டும் என்றார். சரி என்றேனே தவிர, அது என்னால் ஆகுமா என்று எனக்கே தெரியவில்லை.

மாசியில் பெரம்பலூர் வந்து சேர்ந்தேன். வாசலில் என் மகள் நின்றிருந்தாள். ஒரு விரற்கடை வளர்ந்திருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளுக்குச் சொல்வதைப் போலவே, "வாங்க" என்றாள். சுற்றி நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அள்ளி எடுக்கத் துடித்த கைகளை மடியில் கட்டிப்போட்டு, என் வீட்டிலேயே விருந்தாளியாக நாற்காலியில் உட்கார்ந்தேன். பாதியைச் சிந்திக்கொண்டு ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். குடித்தேன். சாயங்காலம் நான் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, முகத்தைப் பார்க்காமலே வந்து என் முழங்காலில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். நான் அசையவே இல்லை. இரவு மாமியாரோடுதான் படுத்தாள்.

மறுநாள் காலை கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே மகள் எழுந்து வீறிட்டு அழும் சத்தம். மாமியார் இருக்கிறார், சமாதானப்படுத்திவிடுவார் என்று நின்றேன். அழுகை கூடிக்கொண்டே போனது. கொஞ்ச நேரத்தில் மாமியாரே கொல்லை வாசலுக்கு வந்துவிட்டார்.

"எங்கிட்ட வரமாட்டேங்குறா. தூக்கப் போனா கையத் தட்டிவுடுறா. நேத்து வந்த அம்மா எங்கன்னு கேட்டு அழுவுறா, போ," என்றார்.

வாய்கூடக் கொப்பளிக்காமல் ஓடினேன்.