அம்மா முகத்தில் பூசிய சபேதா

முகத்தில் தூரிகை படும்போது முதலில் தெரிவது குளிர்ச்சிதான். தேங்காய் எண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடி, அதை நாங்கள் ‘சபேதா’ என்போம், கன்னத்தில் இழுபடும்போது உடம்பெல்லாம் கூசும். திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, பண்ணையார் மனையில் குடிசை போட்டு அவர் வயலிலேயே உழைத்துக் கிடந்த எங்கள் தெருவில் பொங்கலுக்குப் பொங்கல் நாடகம் உண்டு. முன்பெல்லாம் எனக்குப் பாலகிருஷ்ணன் வேஷம், ஆட்சி மாறி ஊரெங்கும் புதுக்கொடி ஏறிய பிறகு தமிழ்த்தாய் வேஷம். வேஷம் போட்டுவிடுகிற சிங்காரம் மற்ற நாளில் எங்களோடு நாற்று பறிப்பவர். அம்மா அவரை ‘அண்ணே’ என்றதால் எனக்கு மாமா.

ஒரு மூங்கில் குழாயில் தூரிகைகளை வைத்திருப்பார். பொடி தட்ட ஆட்டுமயிர்ப் பட்டை, அரக்கன் கன்னத்துக்குப் பன்றிமயிரில் கட்டிய முரட்டுத் தூரிகை, தாடி ஒட்டும் பிசினுக்குத் தேய்ந்த பல்துலக்கி. அணில்வால் மயிரில் கட்டிய மெல்லிய ஒன்றைக் கண் எழுத மட்டுமே எடுப்பார். பிள்ளைகள் யாரும் அதைத் தொடக்கூடாது.

எனக்கு ஒன்பது வயதான வருஷம், கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு எங்கள் தெரு அறுப்புக்கு இறங்கவில்லை. பண்ணையார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தார். வரப்பில் நின்று மறித்த அப்பாவைப் போலீஸ் பிடித்துப் போனது. அவர் எங்கே என்று கேட்கக் களத்துக்குப் போன அம்மாவைப் பண்ணைக் காரியக்காரர் நெல் அளக்கும் இரும்பு மரக்காலால் முகத்தில் அடித்தார். இடது கண் மூடிக்கொண்டு, கன்னம் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிவிட்டது.

மறுநாள் தாசில்தார் விசாரணைக்கு வருவதாகத் தகவல். காலையிலேயே காரியக்காரர் சிங்காரம் மாமாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்.

“தாசில்தார் வர்றதுக்குள்ள இவ மூஞ்சி சரியா இருக்கணும். யாரும் அடிக்கலன்னு சொன்னா, இவ புருசன் சாயங்காலமே வீட்டுக்கு வந்துருவான். இல்லாட்டி ஒங்க ரெண்டு பேரு குடிசையையும் பிரிச்சுப் போட்டுருவேன்.”

அம்மா மணையில் உட்கார்ந்தாள். மாமா முதலில் பட்டைத் தூரிகையை எடுத்தார். அது பட்டதும் அம்மா பல்லைக் கடித்தாள். அதை வைத்துவிட்டு அணில்வால் தூரிகையை எடுத்து, புண்ணின் ஓரத்திலிருந்து சிறிது சிறிதாகப் பூசிக்கொண்டு வந்தார். சபேதாவோடு மஞ்சளும் காவியும் கலந்து அம்மாவின் நிறத்தையே கொண்டுவந்துவிட்டார். கண்ணீர் இறங்கி இறங்கிப் பூச்சைக் கரைத்தது.

“அழாத தங்கச்சி. பூசப் பூசக் கரையுது.”

உச்சிவெயிலில் களத்தில் நாற்காலி போட்டுத் தாசில்தார் உட்கார்ந்தார், பக்கத்தில் பண்ணையார். யாராவது அடித்தார்களா என்று கேட்டதற்கு அம்மா முந்தானையை இடது கண்வரை இழுத்து மூடியபடி, “இல்லிங்க” என்றாள். பிறகு கும்பிட்டபடி, “எங்க ஊட்டுக்காரரு சாயங்காலம் வந்துருவாருங்களா?” என்று கேட்டாள்.

“அவனக் காலையிலயே தஞ்சாவூர் ஜெயிலுக்கு ஏத்தியாச்சே” என்றார் தாசில்தார்.

அம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். வெள்ளையும் காவியும் வேர்வையில் குழைந்து வழிய, நடுவே கருநீல வீக்கமும் கொஞ்சம் ரத்தமும் தெரிந்தன.

பண்ணையார் சிரித்தார். “இது நாடகக்காரத் தெருங்க. இன்னிக்குக் காயம் எழுதிக்கிட்டு வந்திருக்கா.”

“தொட்டுப் பாருங்க சாமி” என்று அம்மா முகத்தை நீட்டிக்கொண்டு முன்னால் போனாள். தாசில்தார் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார். எங்கள் தெருக்காரி ஒருத்தியை அவர் தொடுவதாவது? “எட்டி நில்லு” என்றார்.

அம்மா பின்னால் நின்ற மாமாவிடம் திரும்பி, “அண்ணே, நீ சொல்லு” என்றாள்.

மாமாவின் தோளை ஒட்டிக் காரியக்காரர் நின்றிருந்தார். “பூசினது நான்தாங்க” என்றார் மாமா. காயத்தை மறைக்கவா, காயத்தை எழுதவா என்று சொல்லவில்லை. தாசில்தாருக்கு அதுவே போதுமாக இருந்தது. எழுந்து ஜீப்புக்குப் போய்விட்டார்.

அப்பா பங்குனியில்தான் வந்தார். அதற்குள் அம்மாவின் இடது கண்ணில் பூ விழுந்து பார்வை போயிருந்தது. ஒருநாள் மாமா மன்னிப்புக் கேட்க வாசலில் வந்து நின்றார். அம்மா நெல் புடைப்பதை நிறுத்தவில்லை.

“அந்தச் சின்னத் தூரிகைய வச்சிருக்கியா?”

“இருக்கு தங்கச்சி.”

“நல்லா அலசி வை. அடுத்து எவ மூஞ்சிக்குக் கேப்பாங்களோ.”

அதன்பின் அவர் யாருக்கும் வேஷம் போடவில்லை. சில வருஷங்களில் குடியிருப்பு மனைகள் குடியிருப்பவர்களுக்கே என்று சட்டம் வந்தது. பட்டா வாங்கப் போன இடத்தில் வேறொரு தாசில்தார், இளைஞர், “உட்காருங்கம்மா” என்று நாற்காலியைக் காட்டினார். அம்மா உட்காரவில்லை; நின்றபடியே கைநாட்டு வைத்துவிட்டு வந்தாள்.

இன்று பண்ணை வீடு இடிந்து, களத்தில் சிமெண்டு மூட்டைக் கிடங்கு நிற்கிறது. பொங்கல் நாடகம் போய் எத்தனையோ காலம். பட்டா வாங்கிய மனையில் நான் மாடி வீடு கட்டியிருக்கிறேன். அடிபடுவதற்கு முன் அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று என் பேத்தி கேட்கிறாள். வீக்கமும் வெண்கண்ணும் நினைவில் நிற்கின்றன. அதற்கு முந்திய முகம் எனக்கு வரவேயில்லை.