பட்டாசலில் வாடிய வாழை

ஐரோப்பாவில் சண்டை மூண்டுவிட்டது என்று நான் வேலை பார்த்த தாலுகா கச்சேரியில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்த நாட்களில், என் கவலையெல்லாம் எங்கள் பாளையங்கோட்டை வீட்டுக்குள் நின்ற ஒரு வாழைக்கன்றைப் பற்றித்தான். சீவலப்பேரியில் தன் தகப்பனார் வீட்டிலிருந்து என் மனைவி ஆசையாகக் கொண்டுவந்த கன்று அது. வாசலில் வைத்தால் ஆடு விடாது. கொல்லை முழுக்கக் கல்தளம். ஆகவே பானையில் நட்டு, முற்றத்து வெளிச்சம் விழுகிற முன்கூடமான பட்டாசலில் வைத்தோம்.

பானை என் யோசனை. அம்மா பல வருஷம் உப்புப் போட்டு வைத்திருந்த பெரிய மண்பானை, வாய் உடைந்து கிடந்தது. உப்புப் பானையைத் தெருவில் எறிந்தால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்று அம்மா அதை எறிய விடவில்லை. நான் அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, லட்சுமியையும் தக்கவைத்தேன், வாழைக்கும் இடம் கொடுத்தேன் என்று இரண்டு நாள் பெருமையடித்துக்கொண்டேன். வாசிக்கிறவர்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். எனக்கு விளங்க வெகுநாள் ஆயிற்று.

பத்து நாளில் இலையோரம் கருகியது. பிறகு மட்டைகள் ஒவ்வொன்றாகத் தொங்கின.

"அவ கைராசி அப்படிலே. என்ன செய்ய?" என்றாள் அம்மா, தினமும் தண்ணீர் ஊற்றிவந்த என் மனைவியைக் காட்டி.

முந்தின வருஷம் எங்கள் முதல் பிள்ளை மூன்றாம் மாதத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோயிருந்தது. அம்மா எதை மனதில் வைத்துச் சொல்கிறாள் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அன்றிலிருந்து என் மனைவி தண்ணீர்ச் செம்பை என்னிடம் நீட்டுவாளே தவிர, தன் கையால் ஊற்றமாட்டாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அம்மாவை எதிர்த்துப் பேச வாய் வராமல், வாழைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன்.

புழு அரித்திருக்குமோ என்று ஒரு மட்டையை உரித்துப் பார்த்தேன். தண்டு வெள்ளையாகத்தான் இருந்தது. விரலை விட்டால் மண் நல்ல ஈரம். ஈரத்தில் நின்றுகொண்டே ஒரு செடி தாகத்தில் வாடுமா? கச்சேரியில் பக்கத்து மேஜைக்காரரிடம் கேட்டேன்.

"வாழைக்குத் தண்ணிதாம்வே சாப்பாடு. இன்னும் ரெண்டு செம்பு ஊத்தும்," என்றார். ஊற்றினேன். இன்னும் வாடியது. பானைக்கு வெளியே வெள்ளையாகப் பூத்திருந்ததைச் சுண்ணாம்பு என்று நினைத்துத் துடைத்தேன். மறுநாள் மறுபடி பூத்தது.

ஒரு காலையில் பால் கறக்க அவிழ்த்த கன்றுக்குட்டி நேரே பட்டாசலுக்குள் ஓடிவந்தது. இலையைத் தின்றுவிடப் போகிறதே என்று நான் பாய்ந்தேன். அது இலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பானையை நக்கியது, அவ்வளவு ருசியாக! இழுத்துக் கட்டினாலும் கழுத்தை நீட்டிக்கொண்டு பானையையே பார்த்தது.

பச்சை இலையை விட்டுவிட்டு மண்ணை நக்க அதற்கென்ன பைத்தியமா? நானும் குனிந்து ஒரு நக்கு நக்கினேன்.

"ஏலே, உனக்கு என்னலே வந்துது?" என்று அம்மா அலறினாள்.

"உப்பும்மா! பானையே உப்பு! ஊத்த ஊத்த உப்புத் தண்ணியத்தான் அது குடிச்சிருக்கு. இது என் புத்தி செஞ்ச வேலை," என்றேன்.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் வாழையைப் பைய வெளியே எடுத்தேன். பழைய மண்ணை ஒரு துளி விடாமல் உதிர்த்து, வேரை ஆற்றுத் தண்ணீரில் நாலு தடவை அலசி, கறுத்த வேர்களை நறுக்கி, கருகிய இலைகளையும் கழித்தேன். புதுப்பானை வாங்கி, ஓட்டையில் ஓட்டாஞ்சில்லு வைத்து, ஆற்று வண்டலில் நட்டேன். பிறகு ஒரு வாரம் மொட்டைக் குச்சியாக நின்று என்னைச் சோதித்தது. எட்டாம் நாள் நடுவில் விரல் நீளத்துக்குக் குருத்து சுருண்டு வந்தது. நான் சத்தம் போட்டு எல்லாரையும் கூப்பிட்டேன்.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். என் மனைவி குருத்தைத் தொடாமல் நின்றாள்.

"அப்பம், இது வாடினதுக்கு என் கை காரணமில்ல?"

"இல்லவே இல்ல. உப்பு."

கையை நீட்டிக் குருத்தை மெல்லத் தொட்டாள். பிறகு, "பிள்ளைக்கும் இல்லதானே?" என்று கேட்டாள்.

ஒரு செடி ஏன் வாடுகிறது என்று நாள்கணக்காகத் துருவியவன், ஒரு வருஷமாக இவள் எதைச் சுமந்துகொண்டிருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"இல்ல," என்றேன். அடுக்களைக்குக் கேட்கும்படி இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன்.