பேச்சு மட்டும் புரிந்தால் போதும்

தெருவில் அவளுக்கு டைப்பிங் அக்கா என்று பெயர். வீட்டிலிருந்தபடியே வேலை. விபத்து இழப்பீட்டு விசாரணைகளில் பதிவான பேச்சை ஒரு நிறுவனம் அனுப்பிவைக்கும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலடியில் இருக்கும் பெடலை மிதித்தால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். கேட்டதைக் கேட்டபடியே அடித்துக் கொடுக்க வேண்டும். யாராவது இருமினால் அடைப்புக்குறிக்குள் இருமல் என்று போட வேண்டும். அழுதால் அழுகை.

வருஷக்கணக்காக இப்படியே ஓடியதில் வலது காது வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார்.

"காதுல இனிமே எதையும் மாட்டாதீங்க."

"வேலையே அதுதானே டாக்டர்."

"ஸ்பீக்கர்ல கேளுங்களேன்."

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரோ தகர டப்பாவைத் தட்டினாற்போல இருந்தது. ஒரு சாட்சி 'இல்ல' என்றாரா 'உள்ள' என்றாரா என்று பிடிபடவே இல்லை. ஒரு பக்கம் அடிப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது.

நல்லதாகவும் கைக்கு அடக்கமாகவும் ஒரு ஸ்பீக்கர் வாங்கலாம் என்று கணவரோடு கடைக்குப் போனாள். அவர் லேத் பட்டறையில் வேலை செய்பவர். இரைச்சலிலேயே காலம் கழிந்ததால், அவர் ரகசியம் பேசினாலே பக்கத்து வீட்டில் பதில் சொல்வார்கள்.

கடைக்காரர் பெரிய ஊஃபர் வைத்த செட் ஒன்றைப் போட்டுக் காட்டினார். அலமாரிக் கண்ணாடி நடுங்கியது.

"தரையே அதிரும்க்கா!"

"தரை அதிர வேண்டாம் தம்பி. பேச்சு புரிஞ்சா போதும்."

விசாரணைப் பதிவை வெளியில் போட்டுக் காட்டக் கூடாது. அதனால் போனில் இருந்த தன் அண்ணனின் வாய்ஸ் மெசேஜைப் போடச் சொன்னாள். பாதி வார்த்தையை முழுங்கி, மீதியை மூக்கால் பேசுகிற மனிதர். கடைக்காரர் கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்தார்.

"என்னக்கா சொல்றாரு இவரு?"

"அதை எந்த ஸ்பீக்கர் சொல்லுதோ அதைக் குடுங்க."

பெரிய செட்டில் அண்ணன் குடத்துக்குள் உட்கார்ந்து பேசினார். பளபளப்பான இன்னொன்றில் வெறும் 'ஸ்ஸ்' மட்டும் கேட்டது. கீழ்த் தட்டில், அட்டைப்பெட்டி கிழிந்து ஒரு சின்ன ஜோடி கிடந்தது. ஊஃபர் இல்லை, விளக்கு இல்லை, வயரில் ஓடுகிற பழைய மாடல். அதில் போட்டதும், "மோட்டார் மறுபடி போச்சு, அவனை நம்பாதேன்னா கேக்குறியா நீ" என்று அண்ணன் தெளிவாகத் திட்டினார். அதையே கட்டச் சொன்னாள்.

வீட்டில் கணவர் மாட்டிக் கொடுத்தார். முதலில் சுவரை ஒட்டி வைத்ததும் குரல்கள் குழம்பின. மேஜையை ஒரு முழம் முன்னால் இழுத்தார்கள். மிச்சமிருந்த டைல்ஸ் துண்டுகளை அடுக்கி, அவள் காது உயரத்துக்கு ஏற்றி, இரண்டையும் அவள் முகம் பார்க்கத் திருப்பி வைத்தார். அப்புறம் 'ங்ங்' என்று ஒரு ரீங்காரம். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் நின்றது, சொருகினால் வந்தது. சார்ஜரை வேறு சுவிட்ச்போர்டுக்கு மாற்றிப் பார்த்தார். அடங்கிவிட்டது. வெற்றுச் சுவரில் பட்டுக் குரல் திரும்பி வந்ததற்கு ஒரு போர்வையைத் தொங்கவிட்டார்கள்.

பேச்சு புரிந்தது. ஆனால் வேறு யார் காதிலும் விழக் கூடாதென்று நிறுவனத்தில் கண்டிப்பு. கதவைச் சாத்தினாள். ஃபேன் சத்தம் இடைஞ்சலாக இருந்தது, அதையும் நிறுத்தினாள். வேர்த்துக் கொட்டியது. காதுக்கு வந்த நிம்மதிக்கு முதுகு கப்பம் கட்டியது.

அவர்களோடு கணவரின் அக்காவும் இருந்தார். அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். துணிக்கடையில் காலமெல்லாம் நின்றே விற்றவர். முழங்கால் தேய்ந்த பிறகுதான் வேலையை விட்டார். "உனக்கென்னம்மா, நாற்காலியில உக்காந்து பாட்டு கேக்குற மாதிரி வேலை" என்பார். அவள் ஒருநாளும் பதில் பேசியதில்லை. பேசவும் தெம்பு வேண்டுமே.

ஒரு மத்தியானம், மடித்த துணிகளோடு அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஸ்பீக்கரில் ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து செத்திருந்தான். விசாரிப்பவர் அதையே திரும்பத் திரும்பக் கேட்டார், அன்றைக்கு அவர் குடித்திருந்தாரா என்று. "இல்லீங்க, சாப்பிடக்கூட இல்லீங்க" என்றவள், அதற்கு மேல் முடியாமல் உடைந்தாள்.

பெடலிலிருந்து காலை எடுத்தாள் இவள். அண்ணி துணியை இறக்கி வைக்காமல் நின்றார்.

"இதையா தினமும் கேக்குற?"

"ஆமா அண்ணி. நீங்க கேக்கக் கூடாது."

"அந்தப் பொண்ணுக்குப் பணம் குடுத்தாங்களா?"

"தெரியாது அண்ணி."

"என்னது, தெரியாதா?"

"முடிவு நமக்கு வராது. பேசுறது மட்டும்தான் வரும். ஒருத்தருக்கும் என்ன ஆச்சுன்னு இதுவரைக்கும் எனக்குத் தெரியாது."

அண்ணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "இதைத் தலைக்குள்ள போட்டுக்கிட்டா எங்களுக்கு ஆக்கிப் போட்ட?" என்று கேட்டார். இவள் அந்தப் பதிவுக்கே திரும்பினாள். அன்று சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும். அண்ணி எழுந்து, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

மழைக்காலம் முடிவதற்குள் காது ஆறிவிட்டது. கொஞ்ச நேரம் ஹெட்போன் மாட்டலாம் என்றார் டாக்டர். கணவர் அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தார்.

"இனிமே ஃபேன் போட்டுக்கலாம்ல?"

மாட்டிப் பார்த்தாள். ஒரு கிழவரின் குரல் நேராக மண்டைக்குள் ஏறியது. உடனே கழற்றிவிட்டாள்.

"வேணாங்க. அவங்க மேஜைக்கு அந்தப் பக்கமே நின்னு பேசட்டும்."

வேலை குறையவில்லை. வேர்வையில் முதுகு நனைவதும் அப்படியேதான். சாயங்காலம் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஈர ரவிக்கையோடு அவள் கதவைத் திறக்கும்போது, அண்ணி ஹாலில் டிவியைச் சத்தமில்லாமல் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"முடிஞ்சுதா?"

"இன்னிக்கு முடிஞ்சுது அண்ணி."

ஃபேனுக்கு நேர் கீழே ஒரு நாற்காலி காலியாகக் கிடக்கும். அதில் போய் விழுவாள்.