தவிட்டில் என்ன இருக்கிறது?

தானியத்துக்குள் இருக்கும் தாவரச் சத்துகளைப் பிரித்து அளப்பது என் வேலை. அதில் பாதி, கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. எதற்காவது ரிசல்ட் வரக் காத்திருந்தவர்களுக்கு என் நிலைமை புரியும்.

பெயரில்லாத சிகரம்

ஒவ்வொரு சத்தும் திரையில் ஒரு சிகரமாக எழும். ஒரு மழை நாளில், சிவப்பரிசித் தவிட்டுச் சாற்றை இயந்திரத்தில் ஓட்டியபோது, எந்தப் புத்தகத்திலும் இல்லாத சிகரம் ஒன்று மெல்ல எழுந்தது. ஜன்னலுக்கு வெளியே திருவனந்தபுரமே நீரில் கரைந்துகொண்டிருந்தது. உலகம் அறியாத ஒரு சத்து! அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று மிதந்துகொண்டிருந்தேன். உடன் வேலை செய்யும் சிந்து, அரிசியே சேர்க்காத வெறும் கரைசலை அதே மாதிரிக் குப்பியில் ஊற்றி ஓட்டினாள். அதே சிகரம் வந்தது. மெதுவாகச் சொன்னாள்: "பேரொண்ணும் வைக்கண்டாம் சேச்சி, இது குப்பியோட பிளாஸ்டிக் மூடியாக்கும்."

மாறாத ஊதா

பாறசாலையிலிருந்து ஒருவர் கறுப்பரிசிப் புட்டுமாவு கொண்டுவந்தார். மொத்தமாக வாங்கி, தன் கடைப் பெயரில் பாக்கெட் போட்டு விற்கப்போகிறாராம். எவ்வளவு சத்து என்று உறையில் அச்சடிக்க வேண்டும். அரிசியின் சொந்த ஊதா, ஒரு சொட்டு அமிலம் பட்டாலே செம்பருத்திபோல் சிவக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

அவர் கண்ணெதிரே, மாவைக் கரைத்த சோதனைக் குழாயில் ஒரு சொட்டு விட்டேன். சிவக்கவில்லை. இன்னொரு சொட்டு. ஊதா ஊதாவாகவே நின்றது. இயந்திரமும் அது மாவில் கலந்த சாயம் என்றுதான் சொன்னது. கத்துவார் என்று நினைத்தேன். அவர் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "விக்கது கிடக்கட்டும் மேடம், எம்மக தெனமும் இதத்தானே திங்கா."

முளைகட்டிய கேழ்வரகு

வலியசாலை மாமி ஒருவர் குழந்தைகளுக்கான கஞ்சிமாவு தயாரிப்பவர். முளைகட்டாத கேழ்வரகு, முளைகட்டியது என்று இரண்டு டப்பா தந்தார். முளைகட்டியதில் துவர்ப்புச் சத்து நன்றாகக் குறைந்திருந்தது. மாமி முகம் வாடிவிட்டது. அந்தத் துவர்ப்பு இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது, குறைந்தது நல்லதுதான் என்றேன். முகம் மலர்ந்தது. ஆனால் பெரியவர்களுக்கு அதே துவர்ப்பால் நன்மையும் உண்டு என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சேர்த்தேன். மாமி டப்பாக்களை மாறி மாறிப் பார்த்தார். "ஏண்டியம்மா, இப்போ நல்லது போயிடுத்தா, கெட்டது போயிடுத்தா?"

எதில் எது எவ்வளவு என்று நாங்கள் துல்லியமாகச் சொல்லிவிடுவோம், அதைச் சாப்பிடலாமா என்று கேட்டால் மட்டும் டீ குடிக்கப் போய்விடுவோம்.